கரண்ட் போயிட்டு வந்தால் தானாக ஓடாத கிரைண்டர்

போன வாரம் அன்னூரில் இருந்து தங்கச்சி மாப்பிள்ளை கூப்பிட்டார். ஆட்டுக் கொட்டகைக்குத் தானே கேட் அடிக்கப் போகிறாராம், இரும்பு அறுக்க என்ன கிரைண்டர் வாங்கலாம், எத்தனை வாட்ஸ், எந்தக் கம்பெனி என்று கேட்டார். இந்த வருஷத்தில் இதையே என்னிடம் கேட்கிற மூன்றாவது ஆள் அவர். போனில் அரை மணி நேரம் பேசினோம். வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது நாலைந்து ஞாபகம் வந்தது. அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்து யார் கேட்டாலும் இதை அனுப்பிவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது சுவிட்ச். வாட்ஸும் கம்பெனியும் அதற்கு அப்புறம்தான். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு கோயமுத்தூரை அடுத்த சோமனூர் பக்கம். வீட்டுக்குப் பின்னால் நாலு தறி ஓடிக்கொண்டிருந்த குடோன் ஒன்று உண்டு. தறிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்த பிறகு இரண்டு வருஷம் அது சும்மாவே கிடந்தது. அப்புறம் நான் பைப்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு வெல்டிங் மிஷின், ஒரு மர மேஜை என்று ஒவ்வொன்றாகப் போட்டு அதைப் பட்டறை ஆக்கிக்கொண்டேன். தொழிலுக்கு இல்லை, வீட்டு வேலைக்குத்தான். ஜன்னல் கம்பி, தண்ணி டிரம் ஸ்டாண்ட், தோட்டத்துப் படலுக்குப் பதிலாக ஒரு இரும்புக் கேட், இந்த மாதிரி. அதற்கு வாங்கிய முதல் கிரைண்டர் நாலு இஞ்ச், கம்பெனி பெயர் வேண்டாம், அந்த விலையில் கிடைக்கிற பாதி மிஷின்கள் அப்படித்தான் இருக்கின்றன. அதில் இருந்தது தள்ளு சுவிட்ச். கட்டைவிரலால் முன்னால் தள்ளி லேசாக அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது அது எனக்கு வசதியாகத்தான் பட்டது.

ஒரு நாள் பொழுதோட ஒன்றேகால் இஞ்ச் ஸ்கொயர் பைப் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி அறுப்பில் கரண்ட் போய்விட்டது. மிஷின் அப்படியே அடங்கி நின்றது. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, தெரு முழுக்கப் போயிருக்கிறதா, நம் வீட்டில் மட்டும்தானா என்று பார்க்க வாசலுக்கு வந்தேன். சுவிட்ச் முன்னால் தள்ளியபடியே இருந்தது என் நினைவில் இல்லை. சத்தம் நின்றுவிட்டால் மிஷினும் அணைந்துவிட்டதாகத்தான் மனசு நினைக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாவிடம் பேசிக்கொண்டு நின்றேன், பத்து நிமிஷம் இருக்கும். கரண்ட் வந்தது. உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மிஷின் மேஜையின் ஓரத்தைக் கடித்து, துள்ளிக் கீழே விழுந்து, வயரை இழுத்துக்கொண்டு தரையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் உடைந்து ஒரு துண்டு ஷட்டரில் போய் அடித்தது. அந்த ஷட்டருக்கு வெளியே, இரண்டு அடி தள்ளி, அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

பிளக்கைப் பிடுங்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷட்டர் தகரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், இன்றைக்கும் இருக்கிறது.

அப்பா உள்ளே வந்து மிஷினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவிட்சைத் தள்ளிப் பார்த்தார், கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “ஏஞ்சாமி, கெணத்து மோட்டாருக்கே கரண்ட் போயிட்டு வந்தா பச்சை பட்டனை அமுக்குனாத்தான ஓடுது? கையில புடிச்சு ஓட்டற மிசினுக்கு அது வேண்டாமா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த விஷயம் தெரியும். மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் இருக்கிறது, கரண்ட் இருக்கிற வரைக்கும் அது காந்தமாகி உள்ளே இருக்கிற பாயிண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், கரண்ட் போனால் விட்டுவிடும், திரும்ப வந்தாலும் யாராவது பச்சை பட்டனை அமுக்கினால்தான் மறுபடி பிடிக்கும். கிணற்றடியில் ஆள் நிற்கும்போது மோட்டார் தானாக எடுத்துவிடக் கூடாது என்பதும் அதில் ஒரு காரணம். நிமிஷத்துக்குப் பதினொன்றாயிரம் சுற்றுச் சுற்றுகிற, முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் பிடிக்கிற மிஷினுக்கு அந்தக் காப்பு இல்லாமலே நாம் வாங்கி வந்துவிடுகிறோம்.

கடையில் கேட்க வேண்டியது இரண்டில் ஒன்று. முதலாவது பேடில் சுவிட்ச். மிஷின் உடம்புக்கு அடியில் நீளமாக ஒரு பட்டை மாதிரி இருக்கும், உள்ளங்கையால் அதை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும், பிடி தளர்ந்தால் நின்றுவிடும். மிஷின் கையை விட்டு நழுவினாலும், நீங்களே வழுக்கி விழுந்தாலும் இதேதான். இதிலும் சில மாடலில் அமுக்கியபடியே பூட்டி வைக்க ஒரு பட்டன் கொடுத்திருப்பார்கள், அது இல்லாததாக வாங்குங்கள். பூட்டிவிட்டால் அதுவும் தள்ளு சுவிட்ச் மாதிரிதான் ஆகிவிடும். இரண்டாவது, சுவிட்ச் எந்த மாதிரி இருந்தாலும் சரி, கரண்ட் போய் வந்தால் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஓடும் என்கிற மாதிரி உள்ளேயே எலக்ட்ரானிக் காப்பு இருக்கிற மிஷின். ரீஸ்டார்ட் புரொடெக்‌ஷன் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பாஷ், மக்கிட்டா, டிவால்ட் மாதிரி பெரிய கம்பெனிகள் இந்த வசதி இருக்கிறதும் போடுகிறார்கள், இல்லாததும் போடுகிறார்கள். பெயரைப் பார்த்து நம்பி எடுக்காமல் மாடலைப் பார்த்து எடுக்க வேண்டும். விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

சரி, அளவு. நம் பக்கத்துக் கடைகளில் நாலு இஞ்ச் மிஷினை ஏஜி ஃபோர் என்பார்கள், ஏஜி என்றால் ஆங்கிள் கிரைண்டர், ஐந்து, ஏழும் அதே மாதிரிதான். ஜெர்மனியில் இந்த மிஷினுக்கே பேச்சு வழக்கில் ஃப்ளெக்ஸ் என்றுதான் பெயர், 1954-இல் இதை முதன்முதலில் கொண்டுவந்த கம்பெனியின் பெயர் அது. வீட்டு வேலைக்கு நாலு இஞ்ச், அதாவது 100 மில்லி மீட்டர் டிஸ்க் போடுகிற மிஷின் போதும். எடை ஒன்றரை, இரண்டு கிலோவுக்குள் அடங்கும், ஒரு கையில் தாங்கும், டிஸ்க் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும். குறை என்னவென்றால் அறுக்கிற ஆழம். டிஸ்கின் ஆரம் 50 மில்லி, அதில் நடுவில் நட்டும் கியர் தலையும் பாதிக்குக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளும், புது டிஸ்கிலேயே ஒரு இஞ்ச் ஆழம் கிடைத்தால் அதிகம், டிஸ்க் தேயத் தேய அதுவும் குறையும். இரண்டு இஞ்ச் ஸ்கொயர் பைப்பை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது, நாலு பக்கமும் கோடு போட்டுத் திருப்பித் திருப்பித்தான் அறுக்க வேண்டும். பைப்பின் தகடு இரண்டு, மூன்று மில்லிதானே, அதனால் வேலை நடக்கும். அடிக்கடி பெரிய பைப் அறுப்பேன் என்கிறவர்களுக்கு ஐந்து இஞ்ச் நல்லது. ஏழு இஞ்சை வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். கனம் அதிகம், டிஸ்க் எங்கேயாவது மாட்டினால் அது தருகிற உதறலைப் பழகிய கைதான் தாங்கும்.

பதினான்கு இஞ்ச் கட்டிங் மிஷின், மேஜை மேல் வைத்துக் கைப்பிடியை இறக்கி அறுக்கிறது, அது வேறு கதை. கேட், கிரில் என்று ஒரே அளவில் நாற்பது துண்டு வேண்டும் என்றால் அதை மிஞ்ச எதுவும் இல்லை, நேராகவும் வரும், 45 டிகிரியும் வரும். ஆனால் அது 2000 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். வீட்டில் சாதாரண 5 ஆம்ப் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1150 வாட்ஸ்தான் கணக்கு, அதனால் அதற்கு 15 ஆம்ப் பிளக் தனியாக வேண்டும், கனமான வயர் வேண்டும். மாப்பிள்ளையிடம் சொன்னது: ஒரு கேட்டுக்காக அதை வாங்காதீர்கள், பைப் வாங்குகிற கடையிலேயே அளவு கொடுத்தால் அறுத்துத் தருவார்கள், மிச்சத்தை நாலு இஞ்சில் பார்த்துக்கொள்ளலாம்.

வாட்ஸ் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நாலு இஞ்சில் 600-இல் இருந்து 1000 வரை வருகிறது, 850 பக்கம் இருந்தால் தாராளம். எந்த வாட்ஸாக இருந்தாலும் அமுக்கி அறுத்தால் சூடாகும். டிஸ்க் தன் எடையில் இறங்க வேண்டும், நாம் வழி காட்டினால் போதும். மோட்டார் சத்தம் கம்மி விழுந்தால் அமுக்குகிறோம் என்று அர்த்தம். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்திருக்கும்போது இதை இன்னும் கவனிக்க வேண்டும். நிறைய அறுத்து முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டால் உள்ளே இருக்கிற ஃபேன் சூட்டை வெளியே தள்ளிவிடும். மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் எரிந்து போவதற்கு இந்த ஒரு நிமிஷத்தை விடுவதும் ஒரு காரணம். கோயமுத்தூர் பம்ப்செட் ஊர், காயில் கட்டுகிற கடைக்கு நமக்குப் பஞ்சமில்லை, ஆனால் சின்ன ஆர்மேச்சரைக் கட்டக் கொடுக்கிற கூலியையும் புது மிஷின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யோசனை வந்துவிடும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே போகும், வாங்கும்போதே ஒரு ஜோடி சேர்த்து வாங்கிவிடுங்கள், அதை மாற்ற வெளியிலேயே மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் மிஷினைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். எனக்குப் பிடித்தது கோயமுத்தூர் டாக்டர் நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் போய் நாலு கடை ஏறி இறங்குவது, ஆனால் சின்ன ஊர்க் கடையிலும் கேட்டால் பெட்டியைப் பிரித்துக் காட்டத்தான் செய்வார்கள். கையுறை போட்டுக்கொண்டு பிடித்துப் பாருங்கள், விரல் சுற்றி வருகிறதா என்று. கைப்பிடியை இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் மாட்ட முடிகிறதா, இடக்கைக்காரர்களுக்கு இது முக்கியம். டிஸ்க் மாட்டுகிற தண்டு, அதுதான் ஸ்பிண்டில், அதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அங்கே ஆட்டம் இருக்கவே கூடாது. ஒருமுறை வெறுமனே ஓடவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் கார்டு. டிஸ்கை மூடுகிற அந்தத் தகடு. பெட்டியில் கொடுப்பது பெரும்பாலும் தேய்ப்பதற்கான கார்டு, அது பின்பக்கத்தையும் சுற்றுவட்டத்தையும்தான் மூடும், கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கும். அறுப்பதற்கு இரண்டு பக்கமும் மூடுகிற கார்டு தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள், சிலவற்றில் பழைய கார்டு மேலேயே கிளிப் மாதிரி மாட்டிக்கொள்ளலாம். பட்டறைகளில் கார்டைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுவதைப் பார்த்து நிறையப் பேர் அதுதான் தொழில் தெரிந்தவன் செய்கிற முறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது.

கார்டைக் கழற்றுவதற்கு முக்கியக் காரணமே பெரிய டிஸ்கை மாட்டத்தான். இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். இரும்பு அறுக்கிற டிஸ்க் மேல் எத்தனை சுற்று வரைக்கும் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். 100 மில்லி டிஸ்கில் 15,300 என்று இருக்கும், 125-இல் 12,250, 180-இல் 8,500. பார்த்தால் வேறு வேறு, ஆனால் எல்லாம் ஒரே கணக்குதான், விளிம்பின் வேகம் வினாடிக்கு 80 மீட்டரைத் தாண்டக் கூடாது. டிஸ்க் பெரிதானால் அதே சுற்றுக்கு விளிம்பு அதிக தூரம் ஓட வேண்டும். 11,000 சுற்று ஓடுகிற நாலு இஞ்ச் மிஷினில் அதற்கான டிஸ்க் போட்டாலே விளிம்பு மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல் போகிறது. அதே மிஷினில் ஏழு இஞ்ச் தேய்ந்த டிஸ்கை, வாஷர் வைத்து ஓட்டையைச் சரிக்கட்டி மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 8,500 வரைதான் தாங்கும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. டிஸ்க் வெடித்தால் கார்டு மட்டும்தான் குறுக்கே நிற்கும், அதையும் கழற்றி வைத்தாயிற்று. மரம் அறுக்கிற பல் பிளேடை இதில் மாட்டுவதும் அதே ரகம்தான், பல் எங்கேயாவது சிக்கினால் மிஷின் நேராக ஆளை நோக்கித்தான் தாவும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

டிஸ்க் வாங்கும்போது நடுவில் இருக்கிற உலோக வளையத்தைப் பாருங்கள், மாதமும் வருஷமும் போட்டிருக்கும். அது காலாவதி தேதி, செய்த நாளில் இருந்து மூன்று வருஷம். இரும்பு மிஷினில் ஓடுகிற சாமானுக்கு மருந்து மாத்திரை மாதிரி தேதியா என்று தோன்றலாம். டிஸ்கில் அந்தத் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிசின், அது ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச வலு குறையும். அதனால் டிஸ்கைத் தரையில் போட்டு வைக்காமல் காய்ந்த டப்பாவில் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். பைப்புக்கும் தகட்டுக்கும் 1 மில்லி, 1.2 மில்லி கனம் போதும், வெண்ணெய் மாதிரி போகும், சூடும் குறைவு, பிசிறும் குறைவு. ஆனால் அதன் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது. தேய்க்க ஆறு மில்லி கனத்தில் வேறு டிஸ்க் இருக்கிறது, இல்லையென்றால் உப்புத்தாள் துண்டுகளை அடுக்கி ஒட்டிய ஃபிளாப் டிஸ்க். பிசிறு எடுக்கத்தானே, ஒரு தடவைதானே என்று அறுக்கிற டிஸ்கைச் சாய்க்கிற அந்த ஒரு தடவைதான் அது உடையும். அலுமினியத்தை இரும்பு டிஸ்கில் அறுத்தால் துகள் அப்பிக்கொள்ளும், அதற்கென்றே தனி டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

பைப்பை வைஸில் கட்டும்போது, அறுந்து விழப் போகிற பக்கம் தொங்கலாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால், அறுபடும் நேரத்தில் பைப் வளைந்து வாயை மூடி டிஸ்கைக் கவ்வும். டிஸ்க் ஓடுகிற கோட்டுக்கு நேரே முகமும் உடம்பும் இருக்கக் கூடாது, ஒரு பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். கண்ணாடி கட்டாயம். கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் ஒரே நாளில் அங்கேயே துரு கட்ட ஆரம்பித்துவிடும். பட்டறைகளில் துணி நுனியால் எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது, அதைச் செய்யாமல் நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தோளில் துண்டு, தளர்ந்த வேட்டி, லுங்கி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இது குறிப்பாக நம் பக்கத்துக்காரர்களுக்கு. தறி ஓடிய இடத்தில் பட்டறை போட்டிருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கவனமாகக் கேளுங்கள். தறியை எடுத்துவிட்டாலும் பஞ்சு போகாது. எங்கள் குடோனில் இரண்டு வருஷம் கழித்தும் சுவர் இடுக்கில், ஓட்டுச் சட்டத்தின் மேல், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் சாம்பல் நிறத்தில் ஒட்டடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அறுத்து முடித்து, கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்த வந்தேன். துணி கருகுகிற வாடை. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அணைத்ததும்தான் தெரிந்தது, பழைய பாவு உருளை சாத்தி வைத்திருந்த மூலையில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி, அதில் இருந்து மெல்ல நகர்ந்து போகிற ஒரு சிவப்புக் கோடு. தீ எரியவே இல்லை, பஞ்சு கங்காகவே ஊர்ந்துகொண்டிருந்தது. அறுத்து முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது அப்போது.

அடுத்த நாள் முழுக்க உட்கார்ந்து கூரையில் இருந்து தரை வரை கூட்டித் தள்ளினேன், மூன்று சாக்குப் பஞ்சு வந்தது. இப்போது அறுக்கும் முன் பொறி போகிற திசையில் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கைத் தொங்கவிடுகிறேன், முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே வேறு வேலை பார்க்கிறேன். தோட்டத்தில் அறுக்கிறவர்களுக்குச் சோளத்தட்டுப் போர், தென்னை மட்டை, நார், எல்லாம் இதே கணக்குதான். காரும் டைல்ஸும் பக்கத்தில் இருந்தால் மூடிவிடுங்கள், பொறி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் புள்ளி போகாது.

மாப்பிள்ளை கடைசியில் கேட்டது, ஏற்கெனவே தள்ளு சுவிட்ச் மிஷின் வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வது, அவருடைய பங்காளி ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறாராம். அதற்கு அப்பா கண்டுபிடித்த வழியையே சொன்னேன். எங்கள் தோட்டத்துக்கு வருகிற எலக்ட்ரீஷியனை அழைத்து, மேஜைக்குப் போகிற எல்லா பிளக்குக்கும் முன்னால் 230 வோல்ட் காயில் போட்ட, கான்டாக்டர் என்கிற ஒரு காந்த சுவிட்சும், பச்சை, சிவப்பு பட்டனும் வைக்கச் சொன்னார். கிணற்று ஸ்டார்ட்டர் செய்கிற அதே வேலை. கரண்ட் போனால் மேஜை முழுக்க அணைந்துவிடும், திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை அமுக்கும் வரை கிரைண்டர், டிரில், எதுவும் அசையாது. அதோடு கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்றும் போட்டோம், இரும்புத் தூள் மிஷினுக்குள் சேர்ந்து எர்த் அடிக்க வாய்ப்பு இருக்கிறதல்லவா, அதற்காக.

நான் இப்போது பேடில் சுவிட்ச் மிஷின்தான் வைத்திருக்கிறேன். இருந்தாலும் அப்பா வைக்கச் சொன்ன அந்தக் கான்டாக்டர் பெட்டியைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் பங்காளியும் அதைப் பார்க்க வருகிறார்கள். காலையில் மழை இல்லையென்றால் ஆட்டுக் கொட்டகைக் கேட்டுக்கான பைப்பையும் கையோடு கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.